வலியின் இடம் காட்டும் ஒலி

நுழையும்முன்

மூட்டுவாதம் முதியோருக்கு மட்டுமே உரிய நோய் என்று பலர் எண்ணுகின்றனர். நடை பழகும் குழந்தைக்கும் அது வரலாம். தனக்கு எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத வயதில் வரும் நோயைக் கண்டறிவது எப்படி? மருந்தை உடல் முழுவதும் பரவவிடாமல் வலியுள்ள மூட்டுக்குள் மட்டும் செலுத்துவது எப்படி? காதுக்குக் கேட்காத ஒலியைக் கண்ணுக்குப் புலனாகும் படமாக்கி, அப்படத்தின் வழியே ஊசியைச் செலுத்தும் மருத்துவ முறையை இப்பாடம் விளக்குகிறது.

காலையில் தெரியும் நோய்

தமிழகத்தின் வடமேற்கு எல்லையில், ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது ஓசூர். ஜூஜூவாடியைக் கடந்தால் கர்நாடகம். அங்கிருந்து பெங்களூரு நெடுந்தொலைவில் இல்லை. 1970களில் சிப்காட் தொழில் வளாகம் அமைந்த பின்னர், ரோஜாத் தோட்டங்களுக்கும் கேழ்வரகு வயல்களுக்கும் நடுவே தொழிற்சாலைகள் பெருகின. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே தெருவில் ஒலிக்கும் ஊர் இது. அண்மைக்காலத்தில் வடமாநிலத் தொழிலாளர்களின் மொழிகளும் அவற்றோடு சேர்ந்துள்ளன.

இவ்வூரில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி இருப்பதாகக் கொள்வோம். தந்தைக்கு இரவுப் பணி. தாய்க்குக் காலைப் பணி. விடியுமுன் தாய் நிறுவனப் பேருந்தில் ஏறிவிடுகிறார். அச்சிறுமி எழும்போது பாட்டி மட்டுமே வீட்டில் இருக்கிறார். எழுந்தவுடன் அவளால் வலக்காலை மடக்க முடியவில்லை. தன்னைத் தூக்கிச் செல்லுமாறு அழுகிறாள். மார்கழிக் குளிர் என்று பாட்டி எண்ணுகிறார். பள்ளியில் காலை வழிபாட்டின்போது அவள் சம்மணமிட்டு அமர மறுக்கிறாள். அடம் பிடிக்கிறாள் என்று ஆசிரியர் எண்ணுகிறார். நண்பகலுக்குள் கால் ஓரளவு இளகிவிடுகிறது. மாலையில் தாய் வீடு திரும்பும்போது அவள் தெருவில் பாண்டி ஆடிக்கொண்டிருக்கிறாள். தாய்க்கு எந்தக் குறையும் தென்படவில்லை.

இவர்களுள் எவர்மீதும் குற்றமில்லை. ஒவ்வொருவரும் நாளின் ஒரு பகுதியை மட்டுமே பார்க்கின்றனர். அழற்சியால் வரும் மூட்டு நோயின் இயல்பு இதுதான்: ஓய்விற்குப் பின் இறுகும், அசைவால் இளகும். ஆகவே அது காலையில் வெளிப்பட்டு மாலையில் மறைந்துகொள்கிறது. மாலை நேரத்தில் மருத்துவரிடம் அழைத்துச் சென்றால், அவரும் நன்றாக நடக்கும் குழந்தையையே காண்பார். முறைப்பணியால் குடும்பத்தின் பொழுதுகள் பிரிந்து கிடக்கும் தொழில் நகரங்களில், இந்நோய் நெடுநாள் ஒளிந்திருக்க வாய்ப்பு மிகுதி.

மூட்டின் உள்ளே

இரண்டு எலும்புகள் கூடுமிடம் மூட்டு. எலும்பின் முனைகளை வழவழப்பான குருத்தெலும்பு மூடியிருக்கும். முழங்கால், இடுப்பு போன்ற மூட்டுகளைச் சுற்றி ஓர் உறை உண்டு. அவ்வுறையின் உட்புறத்தில் மெல்லிய சவ்வு ஒன்று படர்ந்து, சைனோவியல் திரவம் என்னும் வழுவழுப்பான நீர்மத்தைச் சுரக்கிறது. இயந்திரத்தின் பேரிங்குக்கு மசகு எவ்வாறோ அவ்வாறே மூட்டிற்கு இத்திரவம்.

நோய்க்கிருமிகளை எதிர்க்க வேண்டிய நம் உடலின் தடுப்பாற்றல், சில குழந்தைகளிடம் வழிதவறி இந்த மென்சவ்வையே தாக்குகிறது. சவ்வு தடிக்கிறது, அதற்குள் குருதியோட்டம் மிகுகிறது, திரவம் அளவுக்கு மேல் சுரந்து மூட்டு வீங்குகிறது. நாட்பட்டால் தடித்த சவ்வு குருத்தெலும்பை அரிக்கத் தொடங்கும். பதினாறு வயது நிறைவதற்கு முன் தொடங்கி, ஆறு வாரங்களுக்குக் குறையாமல் நீடித்து, வேறு காரணம் எதுவும் கண்டறியப்படாத மூட்டழற்சியை ‘இளம்பருவ மூட்டுவாதம்’ என்று மருத்துவர்கள் வரையறுக்கின்றனர். இலண்டன் கிரேட் ஆர்மண்டு தெருக் குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றிய ஜார்ஜ் ஃபிரெடரிக் ஸ்டில் என்பவர், குழந்தைகளின் நாள்பட்ட மூட்டு நோயை 1897ஆம் ஆண்டில் விரிவாக எழுதினார். பெரியோரின் முடக்குவாதத்திலிருந்து அது வேறுபட்டது என்பதையும் எடுத்துக்காட்டினார்.

இந்நோய் ஒரே வடிவில் வருவதில்லை. நான்கு அல்லது அதற்குக் குறைவான மூட்டுகளைத் தாக்குவது ஒரு வகை. இது சிறுமியரிடம் மிகுதியாகக் காணப்படுகிறது; பெரும்பாலும் முழங்காலில் தொடங்குகிறது. ஐந்தும் அதற்கு மேலும் தாக்குவது மற்றொரு வகை. காய்ச்சலும் தோல் தடிப்பும் சேர்ந்து வருவது வேறொன்று. தசைநாண்கள் எலும்போடு இணையும் இடங்களில் வலியை உண்டாக்கி, குதிகாலையும் இடுப்பையும் கீழ்முதுகையும் பற்றும் வகையும் உண்டு. வளரிளம் ஆண்பிள்ளைகளிடம் மிகுதியாக வரும் இவ்வகை, இந்திய மருத்துவ நிலையங்களின் ஆய்வுகளில் கணிசமாகக் காணப்படுகிறது.

வளரும் உடலுக்கு இந்நோயால் வரும் தீங்கு பெரியோருக்கு வருவதினும் வேறானது. முழங்காலில் அழற்சி நீடித்தால், அங்கு மிகும் குருதியோட்டம் எலும்பின் வளர்ச்சியைத் தூண்டிவிடும். நோயுற்ற கால் மற்றக் காலைவிட நீண்டுவிடும். தாடை மூட்டில் அழற்சி நீடித்தால், கீழ்த்தாடையின் வளர்ச்சி குன்றி முகவமைப்பே மாறக்கூடும். வலி பின்னாளில் தணிந்தாலும் நீண்டுவிட்ட கால் தானே குறுகுவதில்லை. எனவே இந்நோயில் காலத்தாழ்வே பெருந்தீங்கு.

தெரிந்து தெளிவோம்

‘வளர்ச்சி வலி’ என்று மக்கள் வழங்கும் வலி பெரும்பாலும் மாலையிலோ இரவிலோ இரு கால்களிலும் வரும். காலையில் குழந்தை இயல்பாக ஓடும். மூட்டில் வீக்கம் இராது. மூட்டழற்சியோ காலையில் நொண்டவைக்கும். வீக்கத்தையும் வெம்மையையும் உண்டாக்கும். ஒரு காலில் மட்டுமே தோன்றவும் கூடும்.

முதலில் நோயறிதல்

மூட்டு வலிக்கிறது என்பதாலேயே மூட்டுவாதம் என்று முடிவு செய்தல் கூடாது. சிக்குன்குனியாவுக்குப் பின் மூட்டுகள் வலிக்கும். தொண்டை அழற்சியைத் தொடர்ந்து வரும் ருமாட்டிக் காய்ச்சலில், வலி ஒரு மூட்டிலிருந்து மற்றொரு மூட்டுக்குத் தாவும். கவனியாது விட்டால் இதய வால்வுகளும் பழுதுபடும். காசநோய் ஒரே மூட்டில் மெல்லக் குடிகொள்வதுண்டு. சீழ் பிடித்த மூட்டு, சில நாள்களிலேயே பெருங்கேடு விளைவிக்கும். குருதிப் புற்றுநோயும் சில குழந்தைகளிடம் கால்வலியாகவே முதலில் தலைகாட்டுகிறது.

இவற்றையெல்லாம் ஆராய்ந்து விலக்கிய பின்னரே மூட்டுவாதத்திற்குரிய மருத்துவம் தொடங்கப்படும். இவ்வரிசையை மாற்றினால் தீங்கு நேரும். ‘ஓர் ஊசி போட்டால் சரியாகிவிடும்’ என்று காரணம் அறியாமல் ஸ்டீராய்டு மருந்தைச் செலுத்தினால், வலி சிலநாள் தணியும். ஆனால் கிருமித்தொற்று பெருகக்கூடும். குருதிப் புற்றுநோயின் அடையாளங்கள் மறைந்து, அதைக் கண்டறிவது தாமதமாகும். ஊசி நன்மை செய்வதும் தீமை செய்வதும், அதற்கு முன் நிகழும் ஆராய்ச்சியைப் பொறுத்தவை.

வேரில் சொட்டும் நீர்

அமெரிக்காவின் மேயோ மருத்துவ மையத்தில் பணியாற்றிய ஃபிலிப் ஹென்ச், மஞ்சள் காமாலை வந்தபோதும் கருவுற்றபோதும் முடக்குவாத நோயாளிகள் சிலருக்கு வலி தணிவதைக் கவனித்தார். உடலே சுரக்கும் ஏதோ ஒரு பொருள் இதற்குக் காரணமாகலாம் என்று கருதினார். அட்ரினல் சுரப்பியின் பொருள்களை ஆராய்ந்துவந்த எட்வர்டு கெண்டலும் அவரும் இணைந்து உழைத்தனர். 1948 செப்டம்பரில், முடக்குவாதத்தால் துன்புற்ற பெண் ஒருவருக்குக் கார்ட்டிசோன் முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. சில நாள்களில் அவர் எழுந்து நடந்தார். 1950ஆம் ஆண்டு மருத்துவத்திற்கான நோபல் பரிசு ஹென்ச், கெண்டல், சுவிட்சர்லாந்தின் டாடியஸ் ரைக்ஸ்டைன் ஆகிய மூவருக்கும் வழங்கப்பட்டது.

மகிழ்ச்சி நெடுநாள் நீடிக்கவில்லை. இம்மருந்தை உடல் முழுவதும் பரவுமாறு நாள்தோறும் உட்கொண்டவர்களுக்கு முகம் உப்பியது, எலும்புகள் வலுவிழந்தன, தொற்றை எதிர்க்கும் ஆற்றல் குறைந்தது. குழந்தைகளுக்கோ உயரம் வளர்வதே தடைப்பட்டது. ஒரு முழங்காலின் நோய்க்காக உடல் முழுவதும் விலை கொடுக்க வேண்டுமா என்னும் வினா எழுந்தது. 1951ஆம் ஆண்டில் ஃபிலடெல்பியாவின் ஜோசப் ஹாலண்டர், ஹைட்ரோகார்ட்டிசோனை மூட்டுக்குள்ளேயே செலுத்தும் முறையை வெளியிட்டார்.

கிருட்டிணகிரி மாவட்டத்து உழவர்களுக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். வயல் முழுவதும் நீரைப் பாய்ச்சினால், செடிக்குச் சேர்வதைவிட வீணாவதே மிகுதி, களையும் வளரும். சொட்டுநீர்க் குழாய் அமைத்தால் சிறிதளவு நீரே வேரடியில் இறங்கிப் பயன்தரும். மாத்திரையாக உட்கொள்ளும் ஸ்டீராய்டு, வயல் முழுவதும் பாய்ந்த நீர். மூட்டுக்குள் செலுத்தும் ஸ்டீராய்டு, வேரில் சொட்டும் நீர்.

அதிலும் எளிதில் கரையாத மருந்தே மூட்டுக்குள் நெடுநாள் தங்கும். டிரையம்சினலோன் ஹெக்சசிட்டோனைடு என்னும் மருந்து அத்தகையது. மூட்டுக்குள் நுண்துகள்களாகத் தங்கி மெல்ல மெல்லக் கரைவதால், ஒருமுறை செலுத்தியதன் பயன் பல குழந்தைகளுக்குப் பல மாதங்கள் நீடிக்கிறது. குறைவான மூட்டுகளைத் தாக்கும் மூட்டுவாதத்திற்குத் தொடக்கநிலை மருத்துவத்தின் பகுதியாக மூட்டுக்குள் ஸ்டீராய்டு செலுத்துவதையும், அதற்கு இம்மருந்தைத் தேர்வதையும் அமெரிக்க மூட்டுவாதவியல் கல்லூரியின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டுநெறிகள் வலியுறுத்துகின்றன.

ஒலி வரையும் படம்

சொட்டுநீர்க் குழாயின் வாய் வேரடியில் இருந்தால்தான் பயன். அதுபோல ஊசியின் முனை மூட்டு உறைக்குள் இருந்தால்தான் மருந்து வேலை செய்யும். உறைக்கு வெளியே கொழுப்பில் மருந்து படிந்துவிட்டால், மூட்டு குணமாகாது, அவ்விடத்துக் கொழுப்பு கரைந்து தோல் குழிவிழும், நிறமும் வெளுக்கும். வீங்கிய முழங்காலைக் கையால் தொட்டறிந்தே ஊசி செலுத்தலாம். இடுப்பு மூட்டோ தசைகளின் அடியில், பெரிய இரத்தக் குழாய்க்கும் நரம்புக்கும் அருகே ஆழ்ந்திருக்கிறது. கணுக்காலில் சிறு மூட்டுகள் பல நெருங்கி அமைந்துள்ளன. சின்னஞ்சிறு குழந்தையின் மூட்டில் இடைவெளி சில மில்லிமீட்டர்களே. அனுபவமிக்கவரின் கையும் இங்கே தவறக்கூடும். கைக்குக் கண் துணை வேண்டும். அக்கண்ணாக அமைவது மீயொலி.

மனிதச் செவி வினாடிக்கு 20,000 அதிர்வுகள் வரையே கேட்கும். அதற்கு மேற்பட்டது மீயொலி. மூட்டுகளைக் காணப் பயன்படும் கருவி, வினாடிக்கு ஏறத்தாழ 70 இலட்சம் முதல் 1 கோடியே 80 இலட்சம் வரை அதிர்வுகளை எழுப்பும். சில படிகங்களை அழுத்தினால் மின்னழுத்தம் தோன்றும் என்று ஜாக் கியூரி, பியேர் கியூரி ஆகிய உடன்பிறந்தோர் 1880இல் கண்டறிந்தனர். மின்னழுத்தம் கொடுத்தால் அப்படிகங்கள் அதிரும் என்பதும் பின்னர் உறுதியாயிற்று. இவ்விரு பண்புகளே மீயொலிக் கருவியின் அடிப்படை. கையில் பிடிக்கும் அதன் முனையிலுள்ள படிகங்கள் ஒலியை அனுப்புகின்றன; திரும்பிவரும் எதிரொலியை மீண்டும் மின்குறிப்பாக மாற்றுகின்றன.

மென்மையான திசுக்களில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 1540 மீட்டர் செல்லும். அனுப்பிய ஒலி 26 மைக்ரோ வினாடியில் திரும்பி வந்ததெனில், அது சென்று மீண்ட தொலைவு 4 சென்டிமீட்டர். அதனை எதிரொலித்த பொருள் 2 சென்டிமீட்டர் ஆழத்தில் உள்ளது. இவ்வாறான எண்ணற்ற கணக்குகளை நொடிதோறும் செய்து, கருவி ஓர் அசையும் படத்தைத் திரையில் வரைகிறது. எலும்பின் மேற்பரப்பு வெண்கோடாகத் தோன்றும். தேங்கிய திரவம் கருமையாகத் தோன்றும். ஊசி, ஒளிரும் மெல்லிய கோடாக நகர்ந்து வரும். கிறிஸ்டியன் டாப்ளர் 1842இல் விளக்கிய அதிர்வெண் மாற்றத்தைக் கொண்டு, குருதியோட்டம் மிகுந்த சவ்வை வண்ணத்தில் காட்டவும் இயலும். இன்னும் எலும்பாகாத குருத்தெலும்பு, எக்ஸ் கதிர்ப் படத்தில் தெரிவதில்லை. மீயொலியில் அது தெரிகிறது. குழந்தை மருத்துவத்தில் இக்கருவி சிறப்பிடம் பெற இதுவும் ஒரு காரணம்.

எல்லா மூட்டுகளுக்கும் மீயொலி போதுமானது என்று கூற இயலாது. எலும்பு ஒலியைத் தடுத்துவிடும். கீழ்முதுகில் இடுப்பெலும்பும் முதுகெலும்பும் இணையும் ஆழமான மூட்டுக்கு, எக்ஸ் கதிரால் அசையும் படம் காட்டும் ஃப்ளூரோஸ்கோப்பியோ சி.டி. ஸ்கேனோ தேவைப்படலாம். இவற்றில் கதிர்வீச்சு உண்டு. வளரும் உடலுக்கு அதனை இயன்றவரை குறைத்தே பயன்படுத்துவர். தாடை மூட்டின் அழற்சியை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் நன்கு காட்டும். எந்த மூட்டுக்கு எந்தப் படம் என்பதைக் குழந்தைகள் மூட்டுவாத மருத்துவரும் கதிரியக்கவியல் மருத்துவரும் கலந்து முடிவு செய்வர்.

ஊசி போடும் நாள்

குழந்தைக்கு ஊசியைவிட அச்சமே பெரிது. ஆகவே மருத்துவர் முதலில் குழந்தையிடம் பேசுகிறார். அவள் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுபவளாயின், அம்மொழியில் பேசத் தெரிந்த செவிலியர் உடனிருப்பது நலம். செய்யப்போவதைப் பெற்றோருக்கு விளக்கி, அவர்களது எழுத்துவழி இசைவைப் பெறுகின்றனர். பெரிய பிள்ளைகளுக்குத் தோலை மரத்துப்போகச் செய்யும் களிம்பும் ஊசியும் போதுமானவை. சிலருக்கு நைட்ரஸ் ஆக்சைடும் ஆக்சிஜனும் கலந்த வளியை முகக்கவசத்தின் வழியே அளிப்பர். மிகச் சிறிய குழந்தைகளுக்கும் ஒரே நாளில் பல மூட்டுகளில் ஊசி தேவைப்படுவோருக்கும், சிறிது நேரம் முழு மயக்கம் கொடுப்பர். மயக்கம் கொடுப்பதற்கு முன் சில மணிநேரம் உணவு உண்ணலாகாது.

தோலைக் கிருமிநாசினியால் தூய்மை செய்து, மீயொலிக் கருவியின் முனையையும் தூய உறையால் மூடுகின்றனர். மருத்துவர் ஒரு கையால் கருவியைப் பிடித்தபடி மறுகையால் ஊசியைச் செலுத்துகிறார். கண்கள் திரையின் மீதே இருக்கின்றன. ஒளிரும் கோடு தசையைக் கடந்து, உறையைத் துளைத்து, கருமையான திரவத்திற்குள் நுழைவது தெரிகிறது. மிகுந்த திரவத்தை முதலில் உறிஞ்சி எடுக்கின்றனர். ஐயம் இருப்பின் அது ஆய்வகத்திற்குச் செல்லும்; திரவம் சீழ்போலக் காணப்பட்டால் மருந்து செலுத்துவதை அன்று நிறுத்திவிடுவர். இல்லையெனில் மருந்து மெல்ல இறங்குகிறது. கருமைக்குள் வெண்முகில் பரவுவது போலத் திரையில் அது தோன்றுகிறது. மருந்து சேரவேண்டிய இடம் சேர்ந்தது என்பதற்கு அதுவே சான்று. ஒரு மூட்டிற்குரிய பணி பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். மயக்கம் தெளிந்ததும், பொதுவாக அன்றே வீடு திரும்பலாம்.

ஓரிரு நாள் அம்மூட்டுக்கு ஓய்வு வேண்டும். அதன்பின் இயன்முறைப் பயிற்சி தொடங்க வேண்டும். நெடுநாள் மடங்கியே இருந்த முழங்காலைச் சுற்றியுள்ள தசைகள் மெலிந்திருக்கும். ஊசி அழற்சியைத் தணிக்கும்; தசைக்கு வலுவூட்டுவது பயிற்சியே. திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம், மருத்துவத்தின் நான்கு கூறுகளுள் ஒன்றாக நோயாளியின் அருகிலிருந்து பேணுபவரையும் வைத்துள்ளது. நாள்தோறும் குழந்தையின் காலைப் பிடித்து நீட்டிப் பயிற்சி அளிக்கும் பாட்டியின் கை, அந்நான்காம் கூறாகும்.

வரம்புகளும் எச்சரிக்கைகளும்

இம்முறை நோயை அடியோடு நீக்கிவிடும் என்று கருதுதல் பிழை. சிலருக்கு அழற்சி மீண்டும் வரலாம். பல மூட்டுகள் நோயுற்றால், மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகளை வாரந்தோறும் அளிக்க வேண்டியிருக்கும். அவற்றுக்கும் அடங்காத நோய்க்கு, அழற்சியைத் தூண்டும் புரதங்களைத் தடுக்கும் உயிரியல் மருந்துகள் உள்ளன. ஊசி செலுத்திய இடத்தில் தோல் சிறிது குழியலாம், வெளுக்கலாம். ஓரிரு நாள் வலி மிகுவதும் உண்டு. மூட்டுக்குள் கிருமி நுழைவது மிக அரிது. எனினும் ஊசிக்குப் பின் காய்ச்சலும் வீக்கமும் கடும்வலியும் தோன்றினால், உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மற்றொரு எச்சரிக்கையும் உண்டு. குறைவான மூட்டுகளைத் தாக்கும் வகையில், சில குழந்தைகளுக்குக் கண்ணின் உட்புறத்திலும் அழற்சி வருகிறது. அக்கண் சிவப்பதில்லை, வலிப்பதுமில்லை. குழந்தை எந்தக் குறையும் சொல்வதில்லை. பார்வை மங்கிய பின்னரே வெளியில் தெரியவரும். ஆதலால் மூட்டுவலி முற்றிலும் தணிந்த குழந்தையையும், மருத்துவர் கூறும் இடைவெளிகளில் கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அவர் ஸ்லிட் லேம்ப் என்னும் கருவியால் கண்ணை ஆராய்ந்து அழற்சியைத் தொடக்கத்திலேயே கண்டறிவார். முழங்கால் குணமாயிற்று என்று மருத்துவமனைக்குச் செல்வதை நிறுத்திவிட்டால், பார்வையை இழக்கவும் நேரலாம்.

எல்லையோர மாவட்டத்தில்

தருமபுரியிலிருந்து 2004ஆம் ஆண்டில் பிரிந்து உருவானது கிருட்டிணகிரி மாவட்டம். அதற்கென அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரியில் திறக்கப்பட்டது. குழந்தைகள் மூட்டுவாதத்திற்கெனத் தனிப்பயிற்சி பெற்ற மருத்துவர்களோ பெரும்பாலும் பெருநகரங்களிலும் பெரிய மருத்துவக் கல்லூரிகளிலுமே உள்ளனர். இப்பகுதி மக்கள் பெங்களூருவுக்கோ, 1900ஆம் ஆண்டில் ஐடா ஸ்கடரால் தொடங்கப்பட்ட வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கோ, சென்னை எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனைக்கோ செல்ல வேண்டியுள்ளது. ஒருநாள் பயணம் என்பது தினக்கூலி பெறும் குடும்பத்திற்கு ஒருநாள் ஊதிய இழப்பு.

ஆயினும் தொடக்கப் பணிகள் பலவற்றை உள்ளூரிலேயே செய்யலாம். 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் மருத்துவக் குழுக்கள் பள்ளிகளுக்கே வந்து மாணவர்களைப் பரிசோதிக்கின்றன. காலையில் நொண்டும் குழந்தையை அக்குழுவிடம் சுட்டிக்காட்டுவது ஆசிரியரால் இயலும். ஈ.எஸ்.ஐ. காப்பீடு பெற்ற தொழிலாளரின் குழந்தைகளுக்கும் அத்திட்டத்தின் மருத்துவ உதவி உண்டு. தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் கிருட்டிணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. இல்லம் தேடிச் சென்று இயன்முறை மருத்துவம் அளிப்பது அதன் பணிகளுள் ஒன்று. ஊசியைப் பெருநகரத்தில் போட்டுக்கொண்டாலும், அதன் பயனை நிலைநிறுத்தும் பயிற்சியை வீட்டருகே தொடர வழியுள்ளது.

தொழிற்சாலைகளில் ஒரு பகுதிப்பொருளின் குறையை, அது வண்டியில் பொருத்தப்படுமுன்பே கண்டறிய வேண்டும் என்பர். அதற்கெனவே தனிப்பிரிவு இயங்கும். குழந்தையின் மூட்டுக்கு அத்தகைய தனிப்பிரிவு கிடையாது. பாட்டி கண்ட காலைப்பொழுதும், ஆசிரியர் கண்ட வழிபாட்டு நேரமும், தாய் கண்ட மாலைப்பொழுதும் ஓரிடத்தில் சேர்ந்தால்தான் நோயின் முழு உருவம் கிடைக்கும். கைப்பேசியில் எடுத்த ஒரு நிமிடக் காலைநேரக் காணொளி, மாலையில் பார்க்கும் மருத்துவருக்குப் பேருதவியாக அமையும். இரண்டு சென்டிமீட்டர் ஆழத்தில் உள்ளதை மீயொலி காட்டிவிடும். ஆனால் அக்கருவியின் முன் குழந்தையை உரிய காலத்தில் கொண்டுசேர்ப்பவர், அவள் நொண்டுவதை முதலில் கண்டு அதைப் பிறரிடம் சொல்பவரே.

கற்பவை கற்றபின்

1. ஒரே குழந்தையின் நோயைப் பாட்டி, ஆசிரியர், தாய் ஆகிய மூவரும் வெவ்வேறாகப் புரிந்துகொண்டதற்கான காரணங்களை வகுப்பில் கலந்துரையாடுக.

2. மென்திசுவில் ஒலியின் வேகம் வினாடிக்கு 1540 மீட்டர் எனக் கொண்டு, எதிரொலி 39 மைக்ரோ வினாடியில் திரும்பினால் எதிரொலித்த பொருள் எவ்வளவு ஆழத்தில் உள்ளது எனக் கணக்கிடுக.

3. உங்கள் ஊரில் மூட்டுவலியைக் குறிக்க மக்கள் வழங்கும் சொற்களைத் தொகுத்து, அவை எவ்வகை வலியைச் சுட்டுகின்றன என எழுதுக.

4. ‘குழந்தைகளுக்கும் மூட்டுவாதம் வரும்’ என்னும் பொருளில், உங்கள் பள்ளியின் பெற்றோர் கூட்டத்தில் படிப்பதற்கேற்ற ஒரு பக்க உரை உருவாக்குக.